மருந்தே இல்லாமல் முடி முளைக்குமா? லேசர் தொப்பி முதல் சுண்டெலி ஆய்வகம் வரை ஒரு விளக்கம்

தலைக்குக் குளித்துவிட்டு வருகிறீர்கள். பாத்ரூம் ஜாலியில் கொத்தாக முடி. துண்டில் கொஞ்சம், சீப்பில் கொஞ்சம். அன்று ராத்திரி போனைத் திறந்தால், இன்ஸ்டாகிராமுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டிருக்கிறது. சிவப்பு விளக்கு எரியும் ஹெல்மெட், முள்ளு முள்ளாக ஒரு ரோலர், உங்கள் ரத்தத்தை எடுத்து உங்கள் தலையிலேயே ஊசி போடும் கிளினிக். எல்லா விளம்பரத்திலும் பொதுவாக ஒரு வரி இருக்கும்: மருந்து கிடையாது, சைடு எஃபெக்ட் கிடையாது. கூடவே, இ.எம்.ஐ. வசதி உண்டு.

பெங்களூரோ, ஹைதராபாத்தோ, குருகிராமோ, வேலைக்காக ஊர் மாறியவர்கள் முதலில் பழி போடுவது போர் தண்ணீர் மேல். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உடைய வைக்கும். ஆனால் நெற்றியை மேலே ஏற்றுகிற வேலையை அது செய்வதில்லை. அது வேறு கதை. அந்தக் கதை தெரிந்தால்தான் மேலே சொன்ன விளம்பரங்களில் எது மனிதத் தலையில் சோதிக்கப்பட்டது, எது இன்னும் எலியின் முதுகிலேயே நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இதை ஏன் இவ்வளவு சீரியஸாகப் பார்க்கணும்? பணம் போனால் அடுத்த மாதம் சம்பளம் வரும். முடி விஷயத்தில் வீணாகும் நேரம் அப்படித் திரும்பி வராது.

முடி எங்கே போகிறது?

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி வேர்க்காலில் இருந்து வருகிறது. வேர்க்கால் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும். 2 முதல் 6 வருடங்கள் வளர்ச்சி, பிறகு 2, 3 வாரங்கள் சுருக்கம், அதன்பின் சுமார் 3 மாதங்கள் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே வேர்க்காலில் புதியது கிளம்பும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இந்த ஷிஃப்ட் மாற்றம்தான். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன், உடலுக்குள் டி.எச்.டி. என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது. மரபணு காரணமாக, நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்கள் சிலருக்கு இந்த டி.எச்.டி.யைத் தாங்காது. ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறையும், வேர்க்காலும் கொஞ்சம் சிறுக்கும். அதனால் பிரச்சினை முடி விழுவது அல்ல. விழுந்த இடத்தில் வருவது முன்னைவிடச் சன்னமாக வருவது. மூன்று நான்கு சுற்று போனால் பூனை முடி. அப்புறம் கண்ணுக்கே தெரியாது.

இங்கேதான் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் சேர்ந்து இருக்கின்றன. உச்சி தெரிய ஆரம்பித்த காலத்தில் அங்குள்ள வேர்க்கால்கள் செத்துப்போவதில்லை, சுருங்கிக் கிடக்கின்றன. எழுப்பலாம். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் சுற்றிலும் நார்த்திசு படிந்து, எதைக் கொண்டும் எழுப்ப முடியாத நிலைக்குப் போய்விடும்.

எழுப்புவதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்துகள் இரண்டு. தடவுகிற மினாக்ஸிடிலுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 1988-லும், ஆண்கள் விழுங்குகிற ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1997-லும் ஒப்புதல் கொடுத்தது. இரண்டையும் நிறுத்தினால் பலன் போய்விடும். ஃபினாஸ்டரைடு சாப்பிடும் ஆண்களில் சிலருக்குப் பாலியல் பக்கவிளைவுகள் வருவதுண்டு. கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களுக்கு அது கூடவே கூடாது. ஆக, 'மருந்து வேண்டாமே' என்று தோன்றுவதில் தப்பே இல்லை. அந்தத் தயக்கத்தின் மேல்தான் ஒரு பெரிய சந்தை உட்கார்ந்திருக்கிறது.

தானாக வளர்ந்த முடி யார் கணக்கில்?

டெங்கு, டைபாய்டு, கோவிட், பிரசவம், கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட கிராஷ் டயட். இப்படி உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால், நிறைய வேர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு சுமார் 3 மாதங்கள் என்று பார்த்தோம் இல்லையா? அதனால் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாம் மறந்துபோன பிறகு, கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் கொட்டுவது தானாக நின்று முடி திரும்ப வளரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொட்டுவதைப் பார்த்துப் பதறி நாலாவது மாதம் ஒரு லேசர் தொப்பி வாங்குகிறீர்கள். ஏழாவது மாதம் முடி வந்துவிட்டது. யாருக்கு ஐந்து ஸ்டார் ரேட்டிங் போடுவீர்கள்? தொப்பிக்குத்தான். நல்லெண்ணத்தோடு போட்ட ரிவ்யூதான், ஆனால் அது எதற்கும் சாட்சி அல்ல.

சின்ன வெங்காயச் சாறு கதையும் கிட்டத்தட்ட இதுதான். நம் ஊரில் புழுவெட்டுக்கு வெங்காயம் தேய்ப்பது பழைய வழக்கம். 2002-ல் ஈராக்கிலிருந்து இதைப் பற்றி உண்மையாகவே ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. வெறும் தண்ணீர் தடவியவர்களில் சிலருக்கு மட்டுமே வந்தது. ரீல்ஸில் இன்றைக்கும் சுற்றுவது இந்த எண்தான். ஆனால் அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு. அது நோய் எதிர்ப்புச் செல்கள் வேர்க்காலைத் தாக்குவதால் வட்ட வட்டமாக முடி போகும் நோய்; பலருக்குத் தானாகவும் திரும்ப வரும். உங்கள் நெற்றி ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நோய்க்குச் செய்த சின்ன ஆய்வை இன்னொரு நோய்க்கான விளம்பரமாக ஒட்டுவது இந்தத் துறையில் சர்வ சாதாரணம்.

'மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்' என்று வீட்டில் சொல்வார்கள். கத்தி படுவது தோலுக்கு வெளியே இருக்கும் முடியில்; வேர்க்கால் இருப்பது தோலுக்கு உள்ளே. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவினால் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதலுக்காகப் போங்கள், முடிக்காக வேண்டாம்.

ஊசி ரோலர்: மும்பையில் நடந்த சோதனை

மருந்தில்லா முறைகளில் அதிகம் பேசப்படும் ஓர் ஆய்வு நம் நாட்டில் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. மும்பை சயானில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்டது. மிதமான வழுக்கை உள்ள 100 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு தினமும் இருவேளை 5 சதவீத மினாக்ஸிடில். இன்னொரு பிரிவுக்கு அதே மினாக்ஸிடிலோடு வாரம் ஒருமுறை தலையில் 1.5 மில்லிமீட்டர் ஊசிகள் கொண்ட ரோலர். 12 வாரம் கழித்து, தலையில் குறித்துவைத்த இடத்தில் முடியை எண்ணினார்கள். மினாக்ஸிடில் மட்டும் போட்டவர்களுக்குச் சராசரியாக 22 முடி கூடியிருந்தது. ரோலரும் சேர்ந்தவர்களுக்கு 91.

நான்கு மடங்கு! உலகம் முழுக்க டெர்மாரோலர் வியாபாரம் சூடு பிடித்ததில் இந்த எண்ணுக்கு ஒரு பங்கு உண்டு.

ரோலர் என்ன செய்கிறது? வேண்டுமென்றே நுண்ணிய காயம் உண்டாக்குகிறது. காயம் பட்டால் உடம்பு அதை ஆற்ற வளர்ச்சிக் காரணிகளை அந்த இடத்துக்கு அனுப்பும். அதே சமிக்ஞைகள் தூங்கும் வேர்க்காலையும் தட்டி எழுப்பும் என்பது கணக்கு. கூடவே, ஊசி துளைத்த தோலில் மருந்து எளிதாக இறங்கவும் செய்யும்.

ஆனால் ஆய்வை நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். முதலாவது, அங்கே சோதிக்கப்பட்டது மருந்தோடு சேர்ந்த ரோலர். 'மருந்து வேண்டாம், ரோலர் மட்டும் போதும்' என்பதற்கு அந்த 91 சாட்சி சொல்லாது. இரண்டாவது, முடியை எண்ணியவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது, அது சரி. ஆனால் சிகிச்சை எடுத்தவருக்குத் தன் தலையில் ஊசி இறங்குவது நன்றாகவே தெரியும். 'இத்தனை வலி பட்டிருக்கோம், வேலை செய்யாமலா போகும்' என்கிற நம்பிக்கையில் மினாக்ஸிடிலையும் ஒருவேளைகூட விடாமல் போட்டிருக்கலாம். பின்னாளில் வந்த ஆய்வுகளும் ரோலர் சேர்த்தால் மினாக்ஸிடிலின் பலன் கூடுகிறது என்றே சொல்கின்றன. ஆனால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை.

என் கணிப்பில், இந்தப் பட்டியலிலேயே உருப்படியான முறை இதுதான், மருந்துக்குத் துணையாக. அதற்காக ஆன்லைனில் நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கிய ரோலரை ரூம்மேட்டோடு பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தம் பார்க்கும் ஊசி அது. ரத்தத்தில் பரவும் நோய் எல்லாம் அதில் பரவும். தலையில் பொடுகுப் புண், சொரியாசிஸ், சீழ்க்கட்டி இருந்தால் தொடவே கூடாது. ரோலர் போட்ட கையோடு மினாக்ஸிடிலையும் தடவாமல், ஒரு நாள் இடைவெளி விடச் சொல்வார்கள்.

சிவப்பு விளக்குத் தொப்பி

1960-களில் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் புற்றுக்கட்டியை லேசரால் குணப்படுத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு முடியை மழித்து, ரூபி லேசரை அடித்தார். அவருடைய லேசரில் சக்தி கம்மி. கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லேசர் பட்ட எலிகளுக்கு, மழித்த இடத்தில் மற்ற எலிகளைவிட வேகமாக முடி முளைத்தது. இன்று நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு லேசர் தொப்பிக்கும் அதுதான் பாட்டன் கதை.

இந்தத் தொப்பிகள் சுமார் 650 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா அந்த ஒளியை உறிஞ்சிக்கொண்டு சுறுசுறுப்பாகிறது என்பது விளக்கம். மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா? உண்டு. வெறும் விளக்கு மட்டும் எரியும் டம்மி கருவியோடு ஒப்பிட்டுச் சில மாதங்கள் நடத்திய ஆய்வுகள் பல உள்ளன. டம்மியைவிட நிஜக் கருவிக்கு முடி எண்ணிக்கை கூடியது. முழுக்க ஏமாற்று என்று ஒதுக்க முடியாது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அந்த ஆய்வுகளில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது கருவியைத் தயாரித்தவர்களே. அடுத்து, 'யு.எஸ். எஃப்.டி.ஏ. கிளியர்டு' என்ற முத்திரை. 2007-ல் ஒரு லேசர் சீப்புக்கு முதலில் இது கிடைத்தது. 'கிளியர்டு' வேறு, 'அப்ரூவ்டு' வேறு. ஒரு புது மருந்துக்கு ஒப்புதல் வாங்க வேலை செய்கிறது என்பதைப் பெரிய ஆய்வுகளில் நிரூபிக்க வேண்டும். இந்த வகைக் கருவிக்கு 'கிளியரன்ஸ்' வாங்க, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்கு இணையாகப் பாதுகாப்பானது, செயல்படுவது என்று காட்டினால் போதும். பெட்டியில் அந்த முத்திரையைப் பார்த்து மாத்திரைக்கு நிகரான நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இதையும் நிறுத்தினால் பலன் நிற்கும். வாரத்துக்கு மூன்று நாள், வருடக்கணக்கில் தலையில் விளக்கோடு உட்கார உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று வாங்கும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். ஜிம் மெம்பர்ஷிப் அனுபவம் உள்ளவர்களுக்கு விடை தெரியும்.

பி.ஆர்.பி.யும் அதன் தம்பிமார்களும்

டெங்கு சீசனில் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று கேட்போமே, அதே பிளேட்லெட்தான். உங்கள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுற்றி, பிளேட்லெட் செறிந்த திரவத்தைப் பிரித்து, தலையில் பல இடத்தில் ஊசியாகப் போடுவார்கள். பிளேட்லெட்டுக்குள் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை. உங்கள் ரத்தமே என்பதால் ஒவ்வாமை பயமும் குறைவு. ஒரு தடவைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், பேக்கேஜாகத்தான் விற்பார்கள்.

ஆய்வு முடிவுகள் ஒரு பக்கமாகச் சாயவில்லை. 2015-ல் இத்தாலியில் ஆண்களின் தலையில் ஒரு பாதிக்கு பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு வெறும் திரவமும் போட்டுப் பார்த்தார்கள். பி.ஆர்.பி. பக்கம் முடி அடர்த்தி கூடியது. ஆனால் சிகிச்சை நின்று ஒரு வருடத்துக்குமேல் ஆனபோது சிலருக்கு மீண்டும் உதிர ஆரம்பித்தது. 2016-ல் அமெரிக்காவில் 26 பெண்களிடம் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ஏன் இந்தக் குழப்பம்? பி.ஆர்.பி. என்பது ஒரே பொருள் கிடையாது. எவ்வளவு ரத்தம், எத்தனை சுற்று, எவ்வளவு வேகம், எத்தனை மடங்கு செறிவு என்பது கிளினிக்குக் கிளினிக் மாறும். ஒரே 'சாம்பார்' என்ற பெயரில் பத்து வீட்டில் பத்து ருசி வருகிற மாதிரி.

ரத்தமும் ஊசியும் சேர்ந்த இடத்தில் சுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் முகத்துக்கு இதே பி.ஆர்.பி. செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் விரிவாக வெளியிட்டது.

இப்போது பி.ஆர்.பி.க்கு அடுத்த வெர்ஷன் என்று 'எக்சோசோம்', 'ஸ்டெம் செல்' என்ற பெயர்கள் மெனு கார்டில் ஏறியிருக்கின்றன. எக்சோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்ணிய பொட்டலம். 2019 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. விடுத்த பொது எச்சரிக்கையில், தாங்கள் ஒப்புதல் அளித்த எக்சோசோம் தயாரிப்பு ஒன்றுகூட இல்லை என்று சொன்னது. ஸ்டெம் செல்லுக்கு நம் நாட்டிலேயே தெளிவான விதி இருக்கிறது. ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்று போன்றவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்று சிகிச்சை தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் போடுவது மருத்துவ முறைகேடு. ஆய்வில் சேர்க்கிறார்கள் என்றால் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை.

மசாஜ், மின் தொப்பி

எண்ணெய் தேய்க்கிற சமூகம் நாம், அதனால் மசாஜ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2016-ல் ஜப்பானில் 9 ஆண்கள் தினமும் 4 நிமிடம், 24 வாரம் தலைக்கு மசாஜ் செய்தார்கள். முடியின் தடிமன் 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 ஆனது. எண்ணிக்கை கூடவில்லை. அவர்கள் வழுக்கை உள்ளவர்களும் அல்ல. ஒன்பது பேர் என்பது ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுகிற கூட்டம். ஆனாலும் செலவில்லாத, ஆபத்தில்லாத விஷயம்; பிடித்தால் செய்யுங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஷூடோங் வாங் குழு 2019-ல் ஒரு கருவி செய்தது. உடல் அசையும்போதே அதிலிருந்து மெல்லிய மின்துடிப்பு உண்டாகித் தோலுக்குப் போகும், பேட்டரி வேண்டாம். எலிகளில் நன்றாக வேலை செய்தது. வாங் தன் அப்பாவுக்கும் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார், புது முடி வந்ததாம். விஞ்ஞானியாகவே இருந்தாலும் அப்பா ஒருவர் என்பது ஆய்வு ஆகாது, இல்லையா?

எலிக்கு முளைக்கிறது, நமக்கு ஏன் இல்லை?

'வழுக்கைக்குத் தீர்வு கண்டுபிடிச்சாச்சு' என்ற தலைப்பை வருடத்துக்கு நாலு முறையாவது பார்த்திருப்பீர்கள். நாங்களும் போட்டிருப்போம். கீழே மூன்றாவது பத்தியில் 'எலிகளில்' என்ற ஒரு சொல் ஒளிந்திருக்கும்.

அந்த ஆய்வுகள் பொய் அல்ல, அருமையானவை. 2007-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரெலிஸ் குழு, எலியின் தோலில் பெரிய காயம் ஆறும்போது நடுவில் புத்தம் புதிய வேர்க்கால்களே உருவாவதைக் காட்டியது. பிறக்கும்போது இருப்பதுதான் வேர்க்கால், புதிதாக வராது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். 2015-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செங்-மிங் சுவாங் குழு இன்னும் விசித்திரமான ஒன்றைச் செய்தது. எலியின் முதுகில் 200 முடிகளைப் பிடுங்கினார்கள். பரவலாகப் பிடுங்கினால் ஒன்றும் நடக்கவில்லை. நெருக்கமான வட்டத்துக்குள் பிடுங்கியபோது, பிடுங்காத அக்கம்பக்கத்து வேர்க்கால்களும் சேர்ந்து விழித்து சுமார் 1,200 முடி வரை முளைத்தது. ஒரு வேர்க்கால் குரல் கொடுத்தால் கேட்காது. கும்பலாகக் குரல் கொடுத்தால் தெருவே எழுந்துகொள்ளும்.

தயவுசெய்து உங்கள் உச்சியில் முயற்சி செய்யாதீர்கள். எலியின் வேர்க்கால்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து தூங்கி சேர்ந்து எழுபவை. நம்முடையவை ஒவ்வொன்றும் தனி ஷிஃப்ட். எலிக்கு நம்மைப் போல டி.எச்.டி.யால் வழுக்கை விழுவதும் இல்லை. அந்த எலியின் வேர்க்கால் நல்ல ஆரோக்கியத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. உங்களுடையது சுருங்கிப்போய் இருக்கிறது. தூங்குபவரை எழுப்புவதும் படுத்த படுக்கையாக இருப்பவரை எழுப்புவதும் ஒன்றல்ல. புருவத்தை வருடக்கணக்கில் பிடுங்கியவர்களுக்கு அது திரும்ப வராமலே போவதையும் பார்க்கிறோம்.

மனிதரிடம் நடந்ததில் என்னை மிகவும் கவர்ந்தது 1999-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. காலின் ஜஹோடா, அமாண்டா ரெனால்ட்ஸ் இருவரும் கணவன் மனைவி, இருவருமே விஞ்ஞானிகள். ஜஹோடாவின் தலையில் இருந்து வேர்க்காலின் அடிப்பகுதி உறைச் செல்களை எடுத்து ரெனால்ட்ஸின் முழங்கைக்குக் கீழே வைத்தார்கள். அங்கே முடி முளைத்தது, அவருடைய கை முடியைவிடத் தடிமனாக. வேற்று ஆள் செல் என்று உடம்பு அதைத் தள்ளவும் இல்லை. 'ஒரு சில செல் போதும், தலை முழுக்க நட்டுவிடலாம்' என்ற கனவு அங்கேதான் வேகம் பிடித்தது.

அப்படியென்றால் 25 வருடத்துக்குமேல் ஆகியும் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை? ஆய்வகத் தட்டில் பெருக்கியதும் அந்தச் செல்கள் முடி முளைக்க வைக்கும் திறனை மறந்துவிடுகின்றன. இதைத் தாண்ட 2013-ல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். (கிறிஸ்டியானோவுக்கே புழுவெட்டு உண்டு, அதுதான் அவரை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது.) தட்டில் பரப்பி வளர்க்காமல், திரவச் சொட்டில் தொங்கவிட்டு உருண்டையாக வளர்த்தபோது செல்களுக்கு நினைவு கொஞ்சம் திரும்பியது. ஏழு பேரிடம் எடுத்த செல்லில் ஐந்து பேருடையது வேலை செய்தது. ஆனால் அதுவும் எலியின் மேல் ஒட்டிய மனிதத் தோலில்தான்.

மனிதத் தலையிலேயே செய்து பார்த்தது ஜப்பான். ஷிசெய்டோ நிறுவனமும் டோக்கியோவின் மருத்துவப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 65 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. அவரவர் பின்னந்தலைச் செல்லை எடுத்துப் பெருக்கி, முடி குறைந்த இடத்தில் குறைந்த, நடுத்தர, அதிக அளவுகளில் போட்டார்கள். ஆறு, ஒன்பது மாதத்தில் பலன் தெரிந்தது குறைந்த அளவு போட்ட இடத்தில். அதுவும் சின்ன முன்னேற்றம். அதிகம் போட்டால் அதிகம் முளைக்கும் என்கிற நம் கணக்கு அங்கே எடுபடவில்லை. உலகத்தின் முன்னணி ஆய்வு நிற்கும் இடம் இது. உங்கள் ஏரியா கிளினிக் அதைத் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னால், அடுத்த கேள்வியை நீங்களே கேட்டுவிடுவீர்கள்.

சரி, இப்போ நான் என்ன பண்ணணும்?

முதலில் உங்களுக்கு வந்திருப்பது எது என்று தெரிய வேண்டும். தோல் மருத்துவர் ஒரு சின்ன லென்ஸ் கருவியைத் தலையில் வைத்துப் பார்த்தாலே, தடித்த முடிக்கு நடுவே சன்ன முடி கலந்திருப்பது தெரியும். அது பரம்பரை வழுக்கையின் அடையாளம். கொத்தாகக் கொட்டினால் ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு பார்க்கச் சொல்வார். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் முடி கொட்டுவதும் சேர்ந்து இருந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்ப்பார். இந்த ஒரு விசிட்டுக்கு ஆகும் செலவு ஒரு பி.ஆர்.பி. ஊசியை விடக் குறைவு. தலையில் எரிச்சல், சீழ், வேர்க்கால் துவாரமே மறைந்து மழமழவென்று ஆன திட்டு இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது தழும்பு விழும் வகை. போன இடத்தில் முடி திரும்பாது.

பரம்பரை வழுக்கை என்று தெரிந்தால், மருந்து எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வழுக்கை உயிரை வாங்கும் நோய் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முழு முடிவுதான். ஆனால் 'முதல்ல இயற்கையா இரண்டு வருஷம் பார்ப்போம், ஆகலைன்னா மருந்து' என்று வரிசை போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு வருடத்திலும் டி.எச்.டி. வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ரோலரும் விளக்கும் ரத்தமும் வேர்க்காலைத் தட்டுகின்றன, டி.எச்.டி.யை அவை தடுப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான தோல் மருத்துவர்கள் இவற்றை மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல.

விளம்பர வாசகம் பற்றி ஒரு தகவல். இந்தியாவின் மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் 'அட்டவணை ஜே' என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கோரக் கூடாது என்ற பட்டியல் அது. புற்றுநோய், எய்ட்ஸ் இருக்கும் அதே பட்டியலில் வழுக்கையும், 'புது முடி வளர்ச்சி'யும் இருக்கின்றன.

கிளினிக்குக்குப் போவதாக முடிவு செய்தால், ஊசியைப் பிடிக்கப்போவது யார் என்று கேளுங்கள். 'டெக்னீஷியன்' என்று சொன்னால் கிளம்பிவிடலாம். முடி மாற்று சிகிச்சை உள்ளிட்ட அழகியல் சிகிச்சைகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் கொடுத்த வழிகாட்டுதலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துவிட்டுச் செய்ய ஆரம்பிப்பது போதிய பயிற்சி ஆகாது என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றும் கேளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நேராகப் பதில் சொல்பவரை நம்பலாம். பன்னிரண்டு தடவைக்கு இன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி என்பவரிடம் ஒரு தடவைக்கு மட்டும் கட்டுங்கள்.

முதல் நாள் போவதற்கு முன்னால் வீட்டில் போட்டோ எடுத்துவிடுங்கள். காய்ந்த தலை, ஒரே பாத்ரூம், ஒரே டியூப் லைட், ஒரே வகிடு; மேலிருந்து ஒன்று, நெற்றி ஒன்று, உச்சி ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி. கிளினிக்கில் எடுக்கும் 'பிஃபோர்' படத்தில் தலை ஈரமாக இருக்கும், மேலே ஃபோகஸ் லைட் அடிக்கும். 'ஆஃப்டர்' படத்தில் அது இருக்காது.